அத்திக் குச்சிக்கு ஏற்ற ஏனம்

ஊரிலிருந்து அம்மா சீமை அத்திக் குச்சிகள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஈரச் சாக்கில் சுற்றி வாழைநாரால் கட்டி அனுப்பியவள், எந்த ஏனத்தில் நடவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுப் பின்கட்டில் ஒரு மண்தொட்டி, ஒரு பிஸ்கட் டின், கைப்பிடி போன பழைய வாளி, ஒரு மூங்கில் கூடை எல்லாம் வரிசையாக என் முடிவுக்குக் காத்திருக்கின்றன. காலையில் மண்தொட்டிதான் சரி என்று தோன்றுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் வாளி தேவலை என்று படுகிறது. "ஒரு சாண் குச்சிக்கு இத்தனை யோசனையா?" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். குழந்தைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன் வானத்தைப் பத்துத் தடவை பார்க்கிறவள் நான். அவருக்கு இது புதிதல்ல.

இந்தச் சுபாவம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அம்மாவும் நானும் ஐந்து அத்திக் குச்சிகளை வைத்துக்கொண்டு ஏனத்துக்கு அலைந்த அந்த ஒரு வருஷம்தான் நினைவுக்கு வருகிறது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஏழு வயது, எட்டாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் ஒரே தம்பி. சேலத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். லீவு விட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். வந்தால் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாசல் தாண்டுவார். நிலைப்படி என் தலையில் இடித்துவிடும் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கத்துவாள். ஒரு தடவையும் இடித்ததில்லை.

அந்த மாசி மாதம் வந்தபோது மாமா என்னைத் தூக்கவில்லை. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். ஓடிப்போன என்னைக் கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லு அம்மிணி. மாமனுக்கு இருமல்."

இருமல் யாருக்குத்தான் வரவில்லை என்று எனக்குக் கோபம். அது க்ஷயம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தூரத்தில் மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து, போகிற வழியில் அக்காளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சுவருக்கு அந்தப்புறம் நின்றபடியே அம்மாவுக்கு எச்சரிக்கை சொன்னாள்.

"தட்டு, தம்ளர் எல்லாம் தனியா வெச்சுடு. புள்ள இருக்கற ஊடு. அப்பறம் அழுது என்ன பண்றது?"

நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் குவளை ஒன்று வீட்டில் இருந்தது. நான் பால் குடிப்பதற்கென்று சந்தையில் வாங்கியது. அம்மா அதில் மோர் ஊற்றிக் கொண்டுபோய் மரத்தடிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்றாள். மாமா குடித்து முடித்ததும் குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அன்றிலிருந்து அது மாட்டுக்கொட்டகையின் வெளிச்சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. என் குவளையை மாமாவுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பித்தளை லோட்டாவைக் கொடுத்தார்களே என்பதுதான் அன்றைக்கு என் பெரிய துக்கம்.

போவதற்கு முன் மாமா தன் துணிமூட்டையிலிருந்து ஐந்து குச்சிகளை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார்.

"சீமை அத்திங்கக்கா. என் அறைக்குப் பின்னால கன்னிமார் மடத்துத் தோட்டம். கவாத்து பண்ணிக் குப்பையில எறிஞ்சிருந்தாங்க. உசுரோட இருக்குதேன்னு பொறுக்கிட்டு வந்தேன். நான் மலையிலிருந்து திரும்பி வாரதுக்குள்ள தழைச்சிருக்கோணும்."

அப்பா சொன்னார்: "குச்சியக் குடுத்துட்டுப் பழம் கேக்கற. வெவரமான ஆளுதான் மாப்பள நீ."

"நேரா மண்ணுல வெச்சுராதீங்க மச்சான், கரையான் தின்னுபோடும். ஏதாச்சும் ஏனத்துல வெச்சு நெழல்ல வளத்துங்க. ஏனத்துக்கு அடியில மட்டும் ஓட்டை போட்டு உட்டுருங்க. தண்ணி நின்னா அழுகிப்போகும்."

"ஓட்டையெல்லாம் வேண்டாம்" என்றாள் அம்மா. அவள் அவ்வளவு வேகமாக யாரையும் மறித்துப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமி முடித்துவிட்டு, "சரிங்கக்கா. உங்க இஷ்டம்" என்றார்.

அம்மாவின் பயம் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் புரியும். மயானத்தில் கொள்ளி வைக்கிறவர் தோளில் நீர்க்குடம் சுமந்து மூன்று முறை சுற்றி வருவார். சுற்றுக்கு ஒரு ஓட்டையாகக் குடத்தில் போடுவார்கள். அதனால் நல்ல பானையில் வேண்டுமென்றே யாரும் ஓட்டை போடுவதில்லை. அதிலும் வீட்டில் ஒருவர் நோயாகக் கிடக்கும்போது நினைக்கவே மாட்டார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அம்மா அந்தச் சடங்கைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. பார்க்காததால்தான் பயம் அவ்வளவு பெரிதாக இருந்ததோ என்னவோ. எனக்கோ எதுவும் தெரியாது. வாத்தியாரான மாமா போடச் சொன்ன ஓட்டையை அம்மா ஏன் போடமாட்டேன் என்கிறாள் என்பதுதான் என் குழப்பம்.

மாமா போன மறுநாளே ஏன வேட்டை ஆரம்பமாகிவிட்டது. குயவரிடம் வாங்கின புதுக் கலயத்தில் மணலும் மக்கின சாணமும் நிரப்பி இரண்டு குச்சிகளை அம்மா நட்டாள். அடியில் ஓட்டை இல்லை. அதற்கு ஈடாகத் தண்ணீரை விரல்நுனியால் தெளித்துத் தெளித்து விட்டாள். ஒன்று அத்தைக்குப் போனது. அத்தை அதை வாழைமட்டையில் மண் பொதிந்து கட்டி, தன் வீட்டுத் திட்டில் வைத்தாள். மறுநாள் சாயங்காலம் மட்டை, குச்சி இரண்டையும் ஆடு தின்றுவிட்டது. "சீமை ருசி கண்ட ஆடு, இனி இது கொள்ளுத் தின்னுமா?" என்று அத்தை அந்த ஆட்டை ஊர் பூராவும் திட்டிக்கொண்டு திரிந்தாள்.

அப்பா மண்ணெண்ணெய்த் தகரத்தை இரண்டாக வெட்டி, அம்மா பார்க்காத நேரத்தில் அடியில் ஆணியால் துளையும் போட்டு ஒரு குச்சியை நட்டார். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"தகரம்தான! தகரத்துக்கு ஏது சாங்கியம்? அது நேத்து வந்த சாமான்."

"ஓட்டை ஓட்டைதானுங்க."

தகரத்துக்குச் சாங்கியம் உண்டா இல்லையா என்று இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் வாதாடினார்கள். முடிவு சொன்னது வெயில்தான். பங்குனி வெயிலில் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. குச்சி விறகாகிவிட்டது.

கடைசிக் குச்சியை அம்மா கண்ணாடி ஜாடியில் வெறும் தண்ணீரில் நிறுத்தி, உள்ளே ஜன்னலோரம் வைத்தாள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. உள்ளே நடப்பது எல்லாம் வெளியே தெரிந்தது. எதுவும் நடக்கவில்லை என்பதும் தெரிந்தது.

கலயத்துக் குச்சிகளில் ஒன்று கறுத்துப் புளித்த நாற்றம் அடித்தது. இன்னொன்றையாவது காப்பாற்றவேண்டும் என்று நான் தீர்மானித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆணியும் கல்லும் எடுத்துக்கொண்டு கலயத்தை ஒருக்களித்துச் சாய்த்தேன். கல்லை ஓங்கியதுதான் தெரியும். அம்மா எங்கிருந்து வந்தாளோ, என் முதுகில் ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடிபட்ட நான் அழலாமா, அடித்த அவளைத் தேற்றலாமா என்று தெரியாமல் விழித்தேன்.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்பளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் கலயத்தைத்தானே உடைக்கப் பார்த்தேன், மாமாவை எதற்கு இழுக்கிறார் என்று இருந்தது எனக்கு.

இரண்டாவது குச்சியும் அழுகிப்போனது. ஜாடிக் குச்சி மட்டும் மிஞ்சியது. அது ஒருநாள் நுனியில் பச்சையாகப் பிளந்து, இரண்டு குட்டி இலைகளை விரித்தது. அன்றைக்கு அம்மா அரிசியும் வெல்லமும் போட்டுப் பாயசம் வைத்தாள். விசேஷம் என்னவென்று அத்தை கேட்டதற்கு, "சும்மாதானுங்க" என்றாள்.

அப்பா மாதம் ஒருமுறை மலை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார். அந்தத் தடவை திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கஞ்சி வேண்டாம், கசக்குதுன்னு சொவரப் பாத்துப் படுத்திருந்தான். அத்தி எலை உட்டுருச்சுன்னு சொன்னேன். எந்திரிச்சு உக்காந்துட்டான். எத்தன எலைன்னு கேட்டான். ரெண்டுன்னேன். கஞ்சியக் குடுங்க மச்சான்னு வாங்கிக் குடிச்சான். அடுத்த வாட்டி எண்ணிட்டு வரோணுமாம்."

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இலைகள் இரண்டும் காது தொங்கிய ஆட்டுக்குட்டி மாதிரித் துவண்டிருந்தன. குச்சி தன்னிடம் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தில் இலை விட்டிருக்கிறது. அடியில் வேர் ஒரு மயிரிழைகூட வரவில்லை. சில நாளில் இலைகள் உதிர்ந்து தண்ணீரில் மிதந்தன.

அப்பா அடுத்தமுறை புறப்படவேண்டிய நாள் நெருங்கியது.

"நாலு எலைன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா.

"பொய்யா?"

"அவனுக்காகத்தானுங்க."

"அவன் வாத்தியான். வீட்டுக்கணக்குப் போடாத பசங்க மூஞ்சியாப் பாத்துப் பாத்துப் பழகினவன். என் மூஞ்சியப் பாத்தா ஒரு நொடியில கண்டுபுடிச்சுருவான். அப்பறம் நாம சொல்ற எதையும் நம்பமாட்டான். நீயே போயிச் சொல்லு."

அப்பா பயணத்தை மாரியம்மன் நோம்பி கழியட்டும் என்று தள்ளிவைத்தார். நோம்பி கழிந்ததும் கடலைக்காட்டு வேலை என்றார். குச்சி துளிர்க்கும்வரை அவருக்கு வேலை ஓயாது என்பது எனக்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

அம்மா குச்சியை ஜாடியிலிருந்து எடுத்து நகத்தால் தோலைக் கீறினாள். மேல்பாதியில் இன்னும் பச்சை இருந்தது. கொழகொழத்துப்போன அடியை அரிவாளால் சீவி எறிந்துவிட்டு ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். எதில் வைப்பது? ஓட்டையும் இருக்கக்கூடாது, தண்ணீரும் நிற்கக்கூடாது. வீட்டில் இருந்த சட்டி, சருவம், குண்டா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். இன்றைக்கு நான் என் பின்கட்டில் செய்கிற அதே வேலை. அவள் முகம் மட்டும் என் முகம் மாதிரி இல்லை. தம்பிக்குச் சோறு வைக்க ஏனம் தேடுகிறவள்போல இருந்தாள்.

அன்று மாலை கிணற்று வாய்க்காலில் மாட்டுக்குக் கொள்ளு கழுவினாள். நான் கூட இருந்தேன். கொள்ளைக் கூடையில் போட்டு வாய்க்காலில் அமுக்கி, ஒரு அலசு அலசித் தூக்குவாள். தண்ணீர் நாலு பக்கமும் ஒழுகி ஓடும். கொள்ளு நிற்கும். தினமும் செய்கிற வேலைதான். அன்றைக்குத் தூக்கிய கூடையைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சேலை நனைந்தது.

"அம்மா, கை வலிக்கலியா?"

"தண்ணி போவுது. கொள்ளு நிக்குது" என்றாள். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, சுவருக்கு மேல் எட்டி அத்தையைக் கூப்பிட்டாள். "பழைய மூங்கக்கூடை ஒண்ணு இருந்தாக் குடுங்க. அத்தி வெக்கோணும்."

அத்தைக்கு நாக்கு சும்மா இருக்குமா? "ஓட்டை ஆகாதுன்னு புள்ளைய அடிச்சே. கூடை பூராவும் ஓட்டைதானே?"

"அது ஓட்டை இல்லைங்க. பின்னறவங்க உட்ட சந்து. நாம ஒண்ணும் துளைக்கலியே."

"கோர்ட்டுக்குப் போகவேண்டிய ஆளு நீ, கொள்ளுக் கழுவிட்டிருக்கற" என்றாள் அத்தை. ஆனால் கூடை வந்தது. விளிம்பு பிய்ந்த கூடை இல்லை. போன சந்தையில் வாங்கின நல்ல கூடை. கூடவே ஒரு முறம் மக்கின எருவும் வந்தது. தனித் தட்டு, தனித் தம்ளர் என்று சொன்ன வாயும் கூடை கொடுத்த கையும் ஒரே அத்தையுடையவைதான் என்பது எனக்கு அப்போது பொருந்தவே இல்லை.

மணலும் எருவும் கலந்து கூடையில் நிரப்பி, நடுவில் குச்சியை வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து நிழலில் இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தாள். எவ்வளவு ஊற்றினாலும் மிச்சத்தைக் கூடையே வெளியே விட்டுவிட்டது. குச்சியைப் பிடுங்கிப் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது, பக்கத்தில் நின்று மூச்சுக்கூட பலமாக விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆனால் விடிந்ததும் கோலம் போடுவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பது அவள்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. குச்சி குச்சியாகவே நின்றது. இலை வருமா என்று நாங்கள் எல்லோரும் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் நடந்ததை அம்மாவுக்கு முன்னால் நான் பார்த்தேன். என் உயரத்துக்கு நுனியைவிடக் கூடையின் வயிறுதான் கண்ணுக்கு நேராக இருந்தது. மூங்கில் சந்தில் வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. புழு என்று நினைத்துக் கத்தினேன்.

அம்மா ஓடிவந்து மண்டியிட்டாள். தொடவில்லை. கன்னம் கூடையில் உரச, கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, கடலைக்காட்டில் இருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி ஒரு கூப்பாடு போட்டாள். தெருவில் போனவர்கள் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்துவிட்டார்கள்.

அப்பாவுக்குக் கடலைக்காட்டு வேலை அன்றைக்கே தீர்ந்துபோயிற்று. மறுநாள் விடியுமுன் மலைக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து சொன்னார்:

"எலை எத்தனைன்னு கேட்டான். எலை எல்லாம் உழுந்துபோச்சு மாப்பள, ஒண்ணுகூட இல்லைன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. வேரு வந்துருக்குது, கூடையத் தாண்டி வெளிய எட்டிப் பாக்குதுன்னேன். எலையக் காட்டிலும் அதுதான் மச்சான் வேணும்னான். கூடையோட குழியில வெக்கச் சொல்லுங்க, கூடை மக்கிப்போகும், வேருக்கு வலிக்காதுன்னான்."

ஐப்பசி மழையில் அத்தியைக் கூடையோடு வாய்க்கால் ஓரம் வைத்தோம். பானையில் பிழைத்திருந்தால் பானையை உடைத்துத்தான் எடுத்திருக்கவேண்டும், வேர் அறுந்திருக்கும். ஓட்டைக்குப் பயந்த அம்மாவின் பயம்தான் அதற்குச் சரியான ஏனத்தைத் தேடிக்கொடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. பயம் நல்லது என்று இதற்கு அர்த்தமா? தெரியவில்லை. என் பயங்களில் எது கூடை, எது கலயம் என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மாசி பிறந்ததும் மாமா வந்தார். அத்தி அப்போது என் உயரம் இருந்தது. மாமாவுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. இனி எல்லோரோடும் இருக்கலாம், புழங்கலாம் என்று மலை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியும் பழைய இடத்தில், வேப்பமரத்தடியில்தான் வந்து நின்றார். நானும் பழக்கத்தால் நாலடி தள்ளி நின்றேன். அத்தை சுவருக்கு அந்தப்புறம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கென்ன நிக்கற? உள்ள வா சாமி" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நிலைப்படி என் தலையில் இடித்துவிடும் என்று அம்மா கத்தவே இல்லை. நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே அம்மா வீட்டுச் செம்பில், நாங்கள் எல்லோரும் குடிக்கிற செம்பில், அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஆணியில் ஒரு வருஷமாகத் தொங்கிய எனாமல் குவளையை எடுத்தாள். சரி, என் குவளை எனக்குத் திரும்பி வருகிறது என்று நினைத்தேன். அவள் அதைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்து, அது தொங்கிய ஆணியையே பிடுங்கி, அடியில் வைத்து, அம்மிக் குழவியால் ஓங்கி ஒரு போடு போட்டாள். எனாமல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. இன்னொரு போடு. ஆணி அந்தப்பக்கம் போய்விட்டது.

"அம்மா! அன்னிக்கு என்னைய அடிச்சியே! இப்ப நீயே ஓட்டை போடறியே!"

"ஆமா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதாகவும் ஒரு ஓட்டை போட்டாள். தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று தூக்கிப் பார்த்தாள். நன்றாக ஒழுகியது. பிறகு அத்தியில் ஒரு கிளையை ஒடித்துவந்து, மண் போட்டு அதில் நட்டாள்.

"இருந்த ஒரு நல்ல குவளையும் போச்சு" என்றாள் அத்தை, சுவருக்கு மேலே முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

"போகட்டும் உடுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தெரிந்தவரை விஷயம் தெளிவாக இருந்தது. தகரத்துக்குச் சாங்கியம் கிடையாது என்று அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள், அப்பா ஜெயித்துவிட்டார். இதை உடனே அவருக்குச் சொல்லவேண்டும் என்று கிணற்றடிக்கு ஓடினேன். அப்பா மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க! அம்மா மாமாவோட குவளையில ஓட்டை போட்டுட்டா!"

அப்பா மாடுகளைப் பாதி வழியில் நிறுத்தினார். "எந்தக் குவளை?" என்றார். கொட்டகை ஆணியில் தொங்கியது, மாமா உள்ளே வந்து நம் செம்பில் தண்ணீர் குடித்தார் என்று எல்லாம் சொன்னேன். சால் நிறையத் தண்ணீர் கிணற்றுக்குள் தொங்க, மாடுகளை அப்படியே விட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். ஒரு குவளையில் விழுந்த மூன்று ஓட்டையைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் இப்படி ஓடுவாரா என்று வியந்தபடி நானும் அவர் பின்னாலேயே ஓடினேன்.